கழிவுப் பிளாஸ்டிக்கில் பவளத் தொட்டி வடிகட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் கிழக்குக் கரையில் ஏறாவூர் முதல் அக்கரைப்பற்று வரை கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. கொழும்பிலிருந்து வடிகட்டிப் பந்துகளைத் தருவிக்க எல்லோருக்கும் வசதி இல்லை. வீட்டுக் கொல்லையிலோ சோடா மூடியும் குழாய்த் துண்டும் குவிந்து கிடக்கின்றன. அவற்றை வைத்துப் பவளமும் மீனும் வாழும் தொட்டியை நடத்த முடியுமா என்பதே எல்லாக் கேள்விகளுக்கும் அடிப்படை. முடியும். எது வரை முடியும், எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கேட்டவர்கள் கேட்ட சொற்களிலேயே கேள்விகளை வைத்து எழுதுகிறேன். பெரிய தொட்டியின் கீழே தண்ணீர் வடிந்து வந்து, பம் மூலம் திரும்ப மேலே போகும் சிறிய தொட்டியைக் 'கீழ்த்தொட்டி' என்கிறேன்.

"பிளாஸ்டிக் எப்படித் தண்ணியத் துப்புரவாக்கும்? அது சும்மா கிடக்கிற சாமான்தானே?"

பிளாஸ்டிக் எதையும் துப்புரவாக்காது. அதன்மேல் குடியேறும் பற்றீரியாதான் வேலை செய்கிறது. மீனின் செவுள்களிலிருந்தும், மிஞ்சி அழுகும் தீனியிலிருந்தும் அமோனியா வருகிறது. நுண்ணுயிர்களில் ஒரு கூட்டம் அதை நைத்திரைற்றாக மாற்றும். இன்னொரு கூட்டம் அந்த நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றும். இவற்றில் அமோனியாதான் மீனைக் கொல்லும் நஞ்சு. கடல்நீரின் பி.எச். 8.2 அளவில் இருப்பதால், நன்னீர்த் தொட்டியில் மீன் தாங்கிக்கொள்ளும் அதே அளவு அமோனியா இங்கே பல மடங்கு கொடியதாகிவிடும்.

இந்தப் பற்றீரியா தண்ணீரில் அலைந்து திரியாமல் எதையாவது பற்றிக்கொண்டு, வழுவழுப்பான படலமாக வளரும். பற்றிக்கொள்ள ஒரு பரப்பு, ஓடும் தண்ணீர், ஒட்சிசன் ஆகிய மூன்றும் இருந்தால் போதும். அந்தப் பரப்பு என்ன பொருளால் ஆனது என்பது பெரிய விடயமே அல்ல. கடையில் விற்கும் 'பயோ போல்' பந்துகளும் பிளாஸ்டிக்தான். நோர்வேயில் 1980களின் இறுதியில் கழிவுநீரைச் சுத்திகரிக்க உருவாக்கிய முறையில் பயன்படும், இன்று மீன்பண்ணைகளெங்கும் ஓடுகிற 'கே1' சக்கரத் துண்டுகளும் பிளாஸ்டிக்தான்.

"பாசிக்குடாவில பவளக்கல்லு சும்மா கிடக்கு. ரெண்டு கல்லு தூக்கிப் போட்டா முடிஞ்சிதே, ஏன் இந்தக் கரைச்சல்?"

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதத் தொடங்கினேன் என்றும் சொல்லலாம். அது சும்மா கிடக்கவில்லை. செத்ததுபோல் தெரியும் கல்லின் பொந்துக்குள் நண்டு, புழு, கடற்பஞ்சு, குட்டிமீன் எல்லாம் குடியிருக்கின்றன. புதுப் பவளக் குஞ்சு வந்து ஒட்டுவதும் அந்தக் கல்லில்தான். கடல் சூடாகிப் பவளம் வெளிறிப்போகிற இந்தக் காலத்தில், மறுபடி முளைக்க இருக்கும் இடத்தையும் நாம் தூக்கிக்கொண்டு வந்தால் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. கரையோரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 1988இல் வந்த திருத்தம், கரையோர வலயத்தில் பவளத்தைத் தோண்டுவது, சேர்ப்பது, வைத்திருப்பது, கொண்டுபோவது, எரிப்பது எல்லாவற்றையும் தடை செய்கிறது. கல்போன்ற எலும்பு கட்டி வளரும் கல்பவளங்கள் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழும் பாதுகாக்கப்பட்டவை. பாசிக்குடாவுக்குப் பக்கத்திலுள்ள காயாங்கேணிக் கடல் 2019இல் கடல்சார் சரணாலயமாகவே பிரகடனமானது. தொட்டியில் வைக்கும் பவளமும், சட்டப்படி வந்ததற்குப் பத்திரம் உள்ள வளர்ப்புப் பவளமாகவே இருக்க வேண்டும். கல்பவள இனங்கள் எல்லாமே, அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைற்றிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் இருக்கின்றன. பத்திரமில்லாமல் எவராவது கொண்டுவந்து கொடுத்தால் வாங்காதீர்கள்.

"எந்தப் பிளாஸ்டிக் நல்லது? அடியில முக்கோணத்துக்குள்ள ஒரு இலக்கம் போட்டிரிக்கே, அதப் பாக்கணுமா?"

கட்டாயம் பார்க்க வேண்டும். 2 என்றால் அடர்த்திகூடிய பொலித்தீன் வகை. 5 என்றால் பொலிபுரோப்பிலீன். இரண்டும் உறுதியானவை, உப்புத் தண்ணீரில் கரையாதவை, எதையும் எளிதில் வெளிவிடாதவை. சோடாப் போத்தல் மூடிகள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான். கே1 துண்டுகளும் 2ஆம் வகையில் செய்யப்படுபவை. 1 என்பது போத்தலின் உடம்பு. அதுவும் தீங்கில்லாதது. ஆனால் மெல்லியது, வெட்டினால் விளிம்பு கூர்மையாக இருக்கும். கழுத்துப் பகுதியை மட்டும் வளையமாக அறுத்து எடுத்தால் நல்ல துண்டு கிடைக்கும். 4ஆம் வகை இளகிய பொலித்தீன். சொட்டுநீர்க் குழாயின் புதிய வெட்டுத்துண்டு இந்த வகையில் வரும்.

3 என்பது பீ.வீ.சீ. குடிநீருக்கென்று எஸ்.எல்.எஸ். என்ற இலங்கைத் தர முத்திரையோடு வரும் புதிய கட்டிக் குழாயின் துண்டுகளைத் தயங்காமல் போடலாம். மிகப் பழைய குழாய்களை விட்டுவிடுங்கள். ஒரு காலத்தில் அவற்றின் தயாரிப்பில் ஈயச் சேர்மங்களைக் கலந்தார்கள். வளைந்து கொடுக்கும் மெதுவான பீ.வீ.சீ.யும் வேண்டாம். அதை மெதுவாக்கச் சேர்த்த எண்ணெய்த்தன்மையான பொருள் மெல்ல மெல்லத் தண்ணீருக்குள் வரும். 6ஆம் வகை யோகட் கப்களும் ரெஜிபோமும் உடைந்து துகளாகும் இனம், பவளத் தொட்டிக்கு ஆகாது. 7 என்றால் 'மற்றவை'. உள்ளே என்ன என்று தெரியாத பொருளைத் தொட்டியில் போட வேண்டிய தேவை நமக்கில்லை.

இலக்கத்தைவிட நான் முதலில் பார்ப்பது, அந்தப் பிளாஸ்டிக் எதை வைத்திருந்தது என்பதைத்தான். மனிதன் குடிக்கும் தண்ணீரோ சாப்பிடும் சாமானோ இருந்த பிளாஸ்டிக் மட்டுமே என் தொட்டிக்குள் போகும்.

"வயலுக்கு அடிக்கிற மருந்துக் கேன் நல்ல கட்டியா இரிக்கு, நல்லாக் கழுவிப்போட்டுப் பாவிக்கலாமா?"

கூடவே கூடாது. அம்பாறைப் பக்கம் வயல் செய்யும் வீடுகளில் இந்தக் கேன்கள் நிறையக் கிடக்கும், அடியில் 2 என்றும் போட்டிருக்கும். ஆனால் பூச்சிமருந்து பிளாஸ்டிக்குக்குள்ளேயே ஊறிவிடும். எத்தனை தரம் கழுவினாலும் முழுதாகப் போகாது. இறாலும் நண்டும் பூச்சியினத்துக்கு நெருங்கிய உறவு. பூச்சியைக் கொல்ல வந்த மருந்து முதலில் அவற்றைத்தான் கொல்லும்.

இதே காரணத்தால் பெயின்ற் வாளி, எண்ணெய்க் கேன், டீசல் கேன், கழிவறை துப்புரவாக்கும் திரவப் போத்தல், ஆஸ்பத்திரிக் கழிவு, உரம் ஓடிய பழைய சொட்டுநீர்க் குழாய் எதுவும் வேண்டாம். பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் நார் நல்ல பரப்புள்ள பொருள்தான், ஆனால் சவர்க்காரமோ கிருமிகொல்லியோ தடவி வருபவை உண்டு. பொதியில் அப்படி எழுதியிருந்தால் விட்டுவிடுங்கள். பொலித்தீன் பைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தண்ணீரை மறித்துவிடும். அவற்றால் பயன் கிடையாது.

"எங்கட வாடியில பழைய வலை குவிஞ்சு கிடக்கு. அதச் சுருட்டி வச்சா நல்ல வடிகட்டியாகுமே?"

நாவலடியிலிருந்தும் வாழைச்சேனையிலிருந்தும் வரும் கேள்வி. வலைத்துண்டு பரப்பு நிறைந்தது, நைலோன் கடல்நீரில் தாழும், இரண்டும் உண்மைதான். ஆனால் தோணியில் கிடந்த வலை எஞ்சின் எண்ணெயும் டீசலும் குடித்திருக்கும். மெல்லிய இழை என்பதால் நைந்து நார் நாராக உதிரும். கிழிந்த வலையைத் தைத்து மிஞ்சும் புதிய வலைத்துண்டு கிடைத்தால் பாவியுங்கள். பழையது வேண்டாம். அந்தப் பழைய வலை கடலுக்குள் திரும்பிப் போகாமல் பார்த்துக்கொள்வதும் பெரிய உபகாரம். பவளத்தில் சிக்கிய வலை வருடக்கணக்கில் மீனைக் கொன்றுகொண்டே இருக்கும்.

வலையைவிடத் தங்கூசி (தூண்டிலில் கட்டும் நைலோன் நரம்பு) எனக்கு அதிகம் உதவியிருக்கிறது. ஏன் என்பது மிதப்பதைப் பற்றிய கேள்வியில் வருகிறது.

"கழுவுறது எப்படி? சவர்க்காரம் போடலாமா?"

சவர்க்காரம் தேவையில்லை. அதன் மிச்சம் தண்ணீரில் நுரையாக நின்றுகொண்டு தொந்தரவு தரும். முதலில் மூடிக்குள் இருக்கும் மெதுவான வளையத்தைக் கத்திமுனையால் கிளப்பி எடுத்துவிடுங்கள். பிறகு சுடுதண்ணீரில் ஊறவைத்து ஒட்டுப்பசை, சீனிப்பாகு எல்லாவற்றையும் தேயுங்கள். பசை விடாவிட்டால் அப்பச்சோடாவைக் குழைத்துத் தேய்த்தால் போகும். தேங்காய் எண்ணெய் போட்டுப் பசையை எடுக்க வேண்டாம், பிறகு அந்த எண்ணெயை எடுக்கப் படாதபாடு படுவீர்கள்.

அடுத்து, ஒரு பங்கு பிளீச் திரவத்துக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து ஒரு மணித்தியாலம் ஊறவிடுங்கள். வாசனை சேர்த்த பிளீச் வேண்டாம். அதே வாளியில் வினாகிரி ஊற்றவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய அறையில் அது ஆளையே மயக்கும். பல தண்ணீரில் அலசி, ஒருநாள் வெயிலில் காயவைத்து முகர்ந்து பாருங்கள். பிளீச்சோ தோடம்பழ எசன்ஸோ மணத்தால் திரும்ப அலசுங்கள். நாட்கணக்கில் வெயிலில் போடாதீர்கள், பிளாஸ்டிக் பொடிந்துபோகும்.

"மேற்பரப்ப உரசிக் கரடுமுரடாக்கணுமா?"

உரசினால் படலம் கொஞ்சம் விரைவாகப் பிடிக்கும், அவ்வளவுதான். மழமழப்பான பிளாஸ்டிக்கிலும் சில கிழமைகளில் அது தானாகவே பிடித்துவிடும். உரசுவதால் வரும் தூள் தொட்டிக்குள் போவதை நினைத்து நான் உரசுவதை விட்டுவிடச் சொல்கிறேன்.

"எத்தின மூடி வேணும்? ஒரு வாளி போதுமா?"

இதற்கு ஆள்கணக்கோ வாளிக்கணக்கோ இல்லை, தீனிக்கணக்குத்தான். நாளுக்கு எத்தனை கிராம் தீனி போடுகிறீர்கள் என்பதை வைத்து அமோனியாவைக் கணிக்கலாம். தீனியின் எடையை அதன் புரதப் பங்கால் பெருக்கி, அதை 0.092ஆல் பெருக்குங்கள். மீன்பண்ணைக்காரர் பயன்படுத்தும் சூத்திரம் இது. 200 லீற்றர்த் தொட்டியில் நாளுக்கு 2 கிராம் தீனி, அதில் புரதம் 40 சதவீதம் என்று வையுங்கள். 2 × 0.4 × 0.092 என்றால் 0.074 கிராம் அமோனிய நைதரசன், அதாவது அமோனியாவிலுள்ள நைதரசனின் எடை.

ஒரு சதுர மீற்றர் பரப்பில் வளர்ந்த படலம் நாளுக்கு 0.1 கிராமைக் கையாளும் என்று நான் தாழ்த்தியே கணக்குப் போடுவேன். நன்றாக ஓடும் பண்ணைகளில் இதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். கடல்நீரில் இந்தப் பற்றீரியா கொஞ்சம் மந்தம், வீட்டுத் தொட்டியில் ஓட்டமும் குறைவு, ஆகவே தாழ்த்திக் கணிப்பதுதான் பாதுகாப்பு. அப்படியானால் நமக்கு முக்கால் சதுர மீற்றர் வேண்டும். ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர் அகலமும் ஒன்றரை சென்ரிமீற்றர் உயரமும் உள்ள மூடிக்கு உள்ளும் புறமும் சேர்த்து 42 சதுர சென்ரிமீற்றர் பரப்பு. ஒரு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 240 மூடி. முக்கால் சதுர மீற்றருக்கு 180. இரட்டிப்பாக்கி 360 மூடி போட்டுவிட்டால் ஒருநாள் தீனி கூடிப்போனாலும் பயமில்லை.

கே1 ஒரு லீற்றரில் அரைச் சதுர மீற்றர் உரசல்படாத பரப்பு இருக்கிறது, அதாவது 120 மூடியின் பரப்பு. மூடிகள் அதைவிட இரண்டு மடங்கு இடம் பிடிக்கும். வித்தியாசம் இடத்தில்தான், வேலையில் இல்லை. கீழ்த்தொட்டியில் இடம் இருப்பவருக்கு அது ஒரு குறையே அல்ல.

"போட்டா எல்லாம் மேல வந்து மிதக்குது. கல்லு கட்டிவிடவா?"

கடல்நீரின் அடர்த்தி 1.025. 2, 4, 5ஆம் வகைகள் 0.90க்கும் 0.97க்கும் இடையில், ஆகவே மிதக்கும். 1ஆம் வகையான பெற் போத்தல் 1.38, பீ.வீ.சீ. அதே அளவில், இரண்டும் தாழும். படலம் தடித்த பிறகு 2ஆம் வகை மூடிகள் கொஞ்சம் இறங்கும், ஆனால் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

மூடியின் நடுவில் 8 மில்லிமீற்றர் துளை போட்டு, தடித்த தங்கூசியில் கோத்து, அடியில் ஒரு பீ.வீ.சீ. குழாய்த் துண்டை முடிச்சுப் போட்டுச் சங்கிலியாகத் தொங்கவிடுங்கள். இரண்டு மூடிக்கு நடுவே சொட்டுநீர்க் குழாயின் அரை அங்குலத் துண்டைக் கோத்தால் ஒன்றோடொன்று ஒட்டாது. துளைக்கு இன்னொரு பயனும் உண்டு. துளையில்லாத மூடி கிண்ணம்போல் நிமிர்ந்து கிடந்து அழுக்கைச் சேர்த்து வைத்திருக்கும். மிதக்கவிடாமல் அமிழ்த்த இரும்போ ஈயக்குண்டோ கட்டாதீர்கள். தூண்டில் ஈயம் பவளத் தொட்டிக்குள் வரவே கூடாது.

"மூடிச் சங்கிலிய எங்க தொங்கவிடுறது? தொட்டிக்குள்ளேயே வச்சா அழகில்லையே."

அழகுக்காக மட்டும் அல்ல, பவளத்தில் பிளாஸ்டிக் படவே கூடாது என்பதாலும் அது கீழ்த்தொட்டியில்தான் இருக்க வேண்டும். சிறந்த இடம் மேலிருந்து தண்ணீர் விழும் பகுதி. துளையிட்ட பிஸ்கற் வாளியில் மூடிச் சங்கிலிகளை நிரப்பி, நீர்மட்டத்துக்கு மேலே நிறுத்தி, தண்ணீரை அதன்மேல் சிதறி விழவையுங்கள். 28 பாகைச் சூட்டில் கடல்நீர் ஒரு லீற்றரில் 6.4 மில்லிகிராம் அளவு ஒட்சிசனைத்தான் தாங்கும். ஒரு கிராம் அமோனிய நைதரசனை மாற்ற நாலரைக் கிராமுக்கு மேல் ஒட்சிசன் வேண்டும். காற்றிலே நனைந்தபடி நிற்கும் மூடிக்கு அந்தப் பஞ்சம் இல்லை.

வாளிக்கு மேலே ஒரு பஞ்சுத் துண்டையோ துணியையோ வைத்து, கழிவுத் துகள் அங்கேயே நிற்கும்படி செய்யுங்கள். மூன்று நாளைக்கு ஒருமுறை அதைக் கழுவ வேண்டும். இதைச் செய்யச் சோம்பல்படுகிறவர் இந்த முறையைத் தொடங்காமல் இருப்பது நல்லது. காரணம் நைத்திரேற்றுக் கேள்வியில் தெரியும்.

"எப்ப மீன் விடலாம்? மூடி போட்டு ஒரு கிழமையாச்சு, தண்ணி கண்ணாடிபோல இரிக்கு."

தெளிவான தண்ணீரில் அமோனியா கண்ணுக்குத் தெரியாது. மீன் இல்லாமலேயே ஒரு துண்டு இறாலைப் போட்டு அழுகவிடுங்கள், அல்லது அமோனியம் குளோரைட்டு கரைத்து லீற்றருக்கு 2 மில்லிகிராம் அளவுக்குக் கொண்டுவாருங்கள். அமோனியா ஏறி இறங்கும், பின்னால் நைத்திரைற்று ஏறி இறங்கும். மறுபடி 2 மில்லிகிராம் போட்டு, ஒரே நாளில் இரண்டும் பூச்சியத்துக்கு வந்தால்தான் பற்றீரியா குடியேறிவிட்டது என்று பொருள். எங்கள் சூட்டில் நாலு முதல் ஆறு கிழமை எடுக்கும். நோயில்லாத பழைய தொட்டியொன்றின் பஞ்சைப் பிழிந்துவிட்டால் இன்னும் விரைவாகும்.

முதல் மாதம் ஒன்றோ இரண்டோ மீன் போதும். பவளம் அதற்கும் பிறகுதான். மூடிக் கணக்கில் சொன்ன 0.1 கிராம் என்பது முதிர்ந்த படலத்துக்குரிய அளவு.

"பயோ போல் போட்டா நைத்திரேற்று ஏறும், அது நைத்திரேற்றுத் தொழிற்சாலை எண்டு சொல்றாங்களே?"

பாதி உண்மை. அமோனியாவை நைத்திரேற்று ஆக்குவதுதான் அதன் வேலை, அதைச் செய்கிறதற்காக அதைக் குறை சொல்ல முடியாது. கல் வைத்த தொட்டியிலும் அதே அளவு நைத்திரேற்றுத்தான் பிறக்கிறது. ஆனால் நுண்துளைக் கல்லின் உட்பகுதியில் ஒட்சிசன் எட்டாத இடம் இருக்கும். அங்கே வேறு பற்றீரியா அந்த நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக்கி வெளியே விட்டுவிடும். மூடிக்கு உட்பகுதியே இல்லை. ஆகவே அது பாதி வேலையை முழுமையாகச் செய்யும், மறுபாதியைச் செய்யவே செய்யாது. அதோடு சிக்கிய அழுக்கு அங்கேயே அழுகினால் அமோனியா கூடும், பொஸ்பேற்றும் கூடும். கெட்ட பெயர் வந்தது பெரும்பாலும் கழுவாத பந்துகளால்.

மேலே போட்ட அதே 200 லீற்றர்க் கணக்கைத் தொடருங்கள். 0.074 கிராம் நைதரசன் என்றால் லீற்றருக்கு நாளுக்கு 1.6 மில்லிகிராம் நைத்திரேற்று, கிழமைக்கு ஏறத்தாழ 11. கிழமைக்கு 20 சதவீதம் தண்ணீரை மட்டும் மாற்றிக்கொண்டு வந்தால், அது 55 அளவில் போய்த்தான் நிற்கும். கோமாளி மீன் அதைத் தாங்கும். கல்பவளத்துக்கு 10க்குக் கீழே இருப்பது நல்லது. ஆகவே தண்ணீர் மாற்றுவதோடு நிறுத்த முடியாது.

"அப்ப நைத்திரேற்ற எப்படிக் குறைக்கிறது? அதுக்கும் பிளாஸ்டிக்லயே ஏதும் வழி இரிக்கா?"

இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். பழைய பிளாஸ்டிக் இடியப்பத் தட்டு வீட்டில் கிடந்தால் எடுங்கள். 2023 ஒக்டோபரில் தடைசெய்த ஒருதரம் பாவிக்கும் பிளாஸ்டிக் பொருட்களின் பட்டியலில் அதுவும் வந்துவிட்டது, ஆனாலும் பல குசினிகளில் பழையது இன்னும் கிடக்கிறது. அந்த வலைப்பின்னல் பாசி பிடிக்க மிகவும் ஏற்றது. கீழ்த்தொட்டியில் அதை நிமிர்த்தி நிறுத்தி, மேல் விளிம்பில் பிளந்த குழாயால் தண்ணீரைத் திரையாக ஓடவிட்டு, இரு பக்கமும் வெளிச்சம் கொடுங்கள். இரண்டு மூன்று கிழமையில் பச்சைப் பாசி பிடிக்கும். கிழமைக்கு ஒருதரம் ஒரு பக்கத்தைச் சுரண்டி எறியுங்கள். அந்தப் பாசியோடு நைத்திரேற்றும் பொஸ்பேற்றும் வெளியே போய்விடும். கீழ்த்தொட்டியில் நூல்பாசி வளர்ப்பதும் இதே வேலையைச் செய்யும்.

தட்டில் பாசி நன்றாகப் பிடித்த பிறகு மூடிகளில் பாதியை மெல்ல மெல்ல எடுத்துவிடலாம். பாசி அமோனியாவை நேரடியாகவே உறிஞ்சும். நுரை பிரிக்கும் ஸ்கிம்மர் ஒன்று இருந்தால் அழுக்கு, அமோனியா ஆவதற்கு முன்பே வெளியேறும்.

"கல்லே இல்லாம, மூடியும் இடியப்பத் தட்டும் மட்டும் வச்சுப் பவளம் வளருமா?"

கல் எலும்பு கட்டாத மெதுபவளம் வளரும். கல்பவளத்துக்கு இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அமோனியாவை மாற்றும்போது பற்றீரியா காரத்தன்மையைத் தின்னும். ஒரு கிராம் அமோனிய நைதரசனுக்கு 7 கிராம் கல்சியம் காபனேற்றுக்குச் சமமான அளவு. நமது உதாரணத் தொட்டியில், காரத்தன்மையை அளக்கும் டிகேஎச் என்ற அலகில், அது கிழமைக்கு ஒரு டிகேஎச் குறைவு. கல்பவளம் தன் எலும்புக்கு எடுப்பது அதற்கு மேல். பிளாஸ்டிக் ஒரு துளியும் திருப்பித் தராது. பரிசோதனைத் திரவம் வாங்கிக் காரத்தன்மையை 7க்கும் 11 டிகேஎச்சுக்கும் இடையிலும், கல்சியத்தை லீற்றருக்கு 400க்கும் 450 மில்லிகிராமுக்கும் இடையிலும் வைத்திருங்கள். அளக்க வசதியில்லாவிட்டால் மெதுபவளத்தோடு நின்றுகொள்ளுங்கள். தொட்டி அதனாலேயே மிக அழகாக இருக்கும்.

பவளத்தை ஒட்டி வைக்க ஏதாவது வேண்டும் அல்லவா? சீமெந்தில் மணல் கலந்து கல்போல வார்த்து, பி.எச். இறங்கும்வரை கிழமைக்கணக்கில் தண்ணீர் மாற்றி ஊறவைத்துப் பாவிக்கலாம். கடற்கரை மணலை வாரிக்கொண்டு வராமல் கடையில் வாங்கிய மணலைக் கலவுங்கள்.

"கரன்ட் போனா என்ன நடக்கும்? 2022 மாதிரி மணித்தியாலக் கணக்கில போனா?"

மூடிய உருளை வடிகட்டிக்குள் இருக்கும் படலம் ஓட்டம் நின்றவுடன் அங்குள்ள ஒட்சிசனைத் தின்று முடித்துவிடும். சில மணித்தியாலத்தில் அழுகத் தொடங்கும். கரன்ட் வந்ததும் அந்தக் கெட்ட தண்ணீர் அப்படியே தொட்டிக்குள் பாயும். அப்படியான வடிகட்டி வைத்திருப்பவர் கரன்ட் வந்ததும் முதலில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும்.

நீர்மட்டத்துக்கு மேலே நிற்கும் மூடி வாளிக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. ஈரமாக இருக்கும்வரை காற்றிலிருந்தே ஒட்சிசன் கிடைக்கும். மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒரு கோப்பை தொட்டித் தண்ணீரை எடுத்து மேலே ஊற்றினால் போதும். மீனுக்குத்தான் பற்றரியில் ஓடும் எயார் பம் வேண்டும். அன்று தீனி போடாதீர்கள்.

"மாரி வந்தா ஏன் வடிகட்டி படுத்திருது? நான் ஒண்டும் மாத்தல்லையே."

தண்ணீரை மாற்றியிருப்பீர்கள். வடகீழ்ப் பருவமழையில் மட்டக்களப்பு வாவி பெருகிப் பாலமீன்மடு முகத்துவாரத்தால் கடலுக்குள் பாயும்போது, கல்லடிக் கரைத் தண்ணீர் கலங்கி உப்புக் குறைந்துவிடும். வயல்களிலிருந்து வடிந்த மருந்தும் அதில் இருக்கும். அந்தத் தண்ணீரைக் கேனில் கொண்டுவந்து ஊற்றினால் படலத்திலுள்ள பற்றீரியா அதிர்ச்சியில் வேலையைக் குறைத்துக்கொள்ளும், அமோனியா ஏறும்.

உப்புமானியால் அளந்து 1.025 இல்லாத தண்ணீரை ஊற்றவே வேண்டாம். மழைக்கு முன்பே, செப்டெம்பரில் நல்ல தண்ணீரை மூடிய பரல்களில் சேர்த்து வைக்கலாம். இல்லையென்றால் அந்த மாதங்களுக்கு உப்புப் பொதி வாங்கிக் கரைப்பது நல்லது. மூடிகளைக் கழுவும்போதும் இதே விதிதான். தொட்டியிலிருந்து எடுத்த கடல்நீரில் அலசுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். கிணற்றுத் தண்ணீரில் அது இல்லாவிட்டாலும் நன்னீர் என்பதால் படலம் செத்துப்போகும்.

"மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்து செம்பு மருந்து போட்டா மூடியெல்லாம் வீணாயிருமா?"

செம்பை எந்தக் காரணத்துக்கும் பவளத் தொட்டியில் போடாதீர்கள். பவளமும் இறாலும் சாகும். நோயுள்ள மீனை வேறு தொட்டிக்கு மாற்றியே மருந்து கொடுக்க வேண்டும். அந்த மருத்துவத் தொட்டிக்குத்தான் பிளாஸ்டிக் எல்லாவற்றையும்விடச் சிறந்தது. கல்லும் பவளமணலும் செம்பை உறிஞ்சி மருந்தின் அளவைக் குழப்பும், பிறகு கக்கவும் செய்யும். மூடி அப்படிச் செய்யாது. வேலை முடிந்ததும் பிளீச்சில் போட்டு, காயவைத்து எடுத்து வைக்கலாம். ஆனாலும் அந்தச் சங்கிலியை மருத்துவத் தொட்டிக்கென்றே ஒதுக்கி அடையாளம் போட்டு வையுங்கள். ஒருநாளும் பவளத் தொட்டிக்குத் திருப்ப வேண்டாம்.

"கடல்ல பிளாஸ்டிக் பவளத்துக்கு நோய் குடுக்குது எண்டு சொல்றாங்க. அப்ப தொட்டிக்குள்ள மட்டும் நல்லதா?"

நேர்மையான கேள்வி. ஆசிய-பசிபிக் கடல்களின் பவளப்பாறைகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வொன்று, பிளாஸ்டிக் பட்ட பவளத்தில் நோய்க்கான வாய்ப்பு 4 சதவீதத்திலிருந்து 89 சதவீதமாக ஏறுவதாகச் சொன்னது. பிளாஸ்டிக் பவளத்தின்மேல் கிடந்து வெளிச்சத்தை மறைக்கிறது, உரசிக் காயப்படுத்துகிறது, காயத்தில் கிருமியைச் சேர்க்கிறது. அதனால்தான் பவளத்தில் பிளாஸ்டிக் படக்கூடாது என்று மேலே அழுத்திச் சொன்னேன். கீழ்த்தொட்டியில் அசையாமல் தொங்கும் மூடிக்கு அந்தத் தொடர்பு இல்லை.

நுண்துகள் பற்றிய பயம் வேறு. பவளம் நுண்பிளாஸ்டிக்கை இரை என்று எண்ணி விழுங்கும் என்பது உறுதியாகத் தெரிந்த விடயம். ஆகவே மூடிகளைக் காற்றுக் குமிழால் சுழலவிடும் முறையைப் பவளத் தொட்டிக்கு நான் பரிந்துரைப்பதில்லை. அதற்கென்று செய்த துண்டுகள் உரசலைத் தாங்கும், நமது மூடிகள் தேயும். அசையாத சங்கிலி, கீழ்த்தொட்டியில் பாசித் தட்டின் வெளிச்சம் படாத இடம், திரும்பிப் போகும் தண்ணீருக்கு முன்னால் ஒரு பஞ்சு, இவை மூன்றும் இருந்தால் துகள் மேலே போவது மிகக் குறையும்.

"கடற்கரையில பொறுக்கின பிளாஸ்டிக்கப் போடலாமா? கரையும் துப்புரவாகுமே."

பொறுக்குங்கள், ஆனால் தொட்டியில் போடாதீர்கள். வெயிலிலும் உப்பிலும் கிடந்த பிளாஸ்டிக் ஏற்கெனவே பொடியத் தொடங்கியிருக்கும். கடலில் மிதந்த காலத்தில் எண்ணெயையும் வேறு நஞ்சுகளையும் இழுத்து வைத்திருக்கும். 2021இல் கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்து கரையெங்கும் ஒதுங்கிய வெள்ளைக் குருணைகளைச் சிலர் வடிகட்டிக்கு நல்லது என்று நினைக்கிறார்கள். அவற்றில் பல தீயில் கருகியும், இரசாயனங்களோடு கலந்தும் வந்தவை. கையாலும் தொட வேண்டாம்.

"மூடிய எத்தின வருஷத்துக்கு ஒருக்கா மாத்தணும்?"

வருடக் கணக்கு இல்லை. நகத்தால் கீறிப் பாருங்கள். வெள்ளைத் தூள் வந்தாலோ, வளைத்தால் வெடித்தாலோ மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுத்தால் தொட்டி முதல் நாளுக்கே திரும்பிவிடும். மூன்றில் ஒரு பங்கை எடுத்து, புதியதைக் கோத்து, ஒரு மாதம் விட்டு அடுத்த பங்கை எடுங்கள். அந்த மாதம் அமோனியாவைக் கிழமைக்கு இரண்டு தரம் அளவுங்கள்.

எடுத்த மூடிகளைப் பிளீச்சில் ஊறவைத்து, காயவைத்து, பழைய பிளாஸ்டிக் எடுப்பவரிடம் கொடுங்கள். கழுவிய தண்ணீரை வாவிக்கோ கடலுக்கோ போகும் கானில் ஊற்றாமல் மரமில்லாத வெறுநிலத்தில் ஊற்றுங்கள். தொட்டிக்குள் வளர்ந்த வெளிக்கடல் பாசியும் கிருமியும் எங்கள் தண்ணீருக்குள் போகக்கூடாது.